ஒற்றைச் செதிலால் வந்த சந்தேகம்: சிகாகோ, 1957

1957 செப்டம்பர் 25ஆம் தேதி, சிகாகோவின் லிங்கன் பார்க் விலங்குக் காட்சிசாலையிலிருந்து அதே ஊரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஒரு பாம்பு வந்தது. நீளம் சுமார் 76 சென்டிமீட்டர். இன்னும் முழுதாக வளராத பாம்பு. காட்சிசாலை இயக்குநர் மார்லின் பெர்க்கின்ஸ் கேட்டிருந்தது ஒன்றுதான்: இது என்ன இனம்?

கேள்வி சரியான இடத்துக்குத்தான் போனது. அங்கே கார்ல் பேட்டர்சன் ஷ்மிட் இருந்தார். 67 வயது. விலங்கியல் துறைத் தலைவராக இருந்து 1955இல் ஓய்வு பெற்ற பிறகும் வேலையை விடாதவர். 200க்கும் மேற்பட்ட இனங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டியவர். பவளப் பாம்புகளைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு அன்று வெகு சிலருக்கே தெரியும். காங்கோவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பாம்புத் தொகுப்பை ஆராய்ந்து எழுதியவரும் அவரே. அதாவது ஆப்பிரிக்கப் பாம்புகளும் அவருக்குப் புதிதல்ல.

மறுநாள் பிற்பகல் 3 மணிக்கு அவர் இறந்துவிட்டதாக மருத்துவமனையில் அறிவித்தார்கள்.

தன் கடைசி மணி நேரங்களைத் தானே குறிப்பெடுத்த விஞ்ஞானி என்றுதான் இவர் கதையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தக் குறிப்புகளைப் படித்தால் மனம் கனக்கத்தான் செய்கிறது. ஆனால் பாம்புகளை அடையாளம் காண்பதில் அக்கறை உள்ளவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் அதற்கும் முன்னால் இருக்கிறது. கடி விழுவதற்கு முன்பே அந்த அறையில் சரியான பெயர் பேச்சில் வந்துவிட்டது. 'இது பூம்ஸ்லாங்காக இருக்கலாம்' என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஷ்மிட் அதைக் கையில் வாங்கினார். பெயர் தெரிந்தும் எப்படி இது நடந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

மேசைக்கு வந்த பாம்பு

பூம்ஸ்லாங் சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் பரவலாக வாழும், நஞ்சுள்ள மரப்பாம்பு. நிறத்தை வைத்து அதைப் பிடிக்கவே முடியாது. வளர்ந்த ஆண்களில் பல பளிச்சென்ற பச்சை. பெண்களில் பெரும்பாலானவை பழுப்பு. குட்டிகளோ சாம்பலும் பழுப்பும் கலந்த உடலோடு, மரகதப் பச்சைக் கண்ணோடு இருக்கும். ஒரே இனம்தான், ஆனால் மூன்று படங்களை அடுத்தடுத்து வைத்தால் மூன்று வேறு பாம்புகள் என்றே தோன்றும்.

நிறத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. முட்டை வடிவில் குறுகிய தலை. அந்தத் தலைக்குப் பொருந்தாத அளவு பெரிய கண், வட்டமான கண்மணி. முதுகுச் செதில்கள் ஒடுங்கி நீண்டு, சாய்வான வரிசைகளில் அமைந்திருக்கும். ஒவ்வொரு செதிலின் நடுவிலும் நீளவாக்கில் ஒரு முகடு ஓடும். உடலின் நடுப்பகுதியில் குறுக்காக எண்ணினால் வழக்கமாக 19 வரிசைகள். அப்புறம், வயிறு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் கழிவுத் துளையை மூடியபடி ஒரு செதில் உண்டு. பூம்ஸ்லாங்கில் அது நடுவில் பிரிந்து இரண்டாக இருக்கும். இதை மூடிச் செதில் என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

சிகாகோவுக்கு வந்த பாம்பில் தலை பொருந்தியது. நிறக்கோலம் பொருந்தியது. முகடுள்ள செதில்களும் பொருந்தின. மூடிச் செதில் மட்டும் பிரியாமல் ஒற்றையாக இருந்தது.

ஒரு செதிலுக்கு இவ்வளவு மதிப்பா என்று கேட்கலாம். வகைப்பாட்டில் அதற்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. பாம்பு வளர்ந்தாலும் செதில்களின் எண்ணிக்கை மாறாது. முட்டைக்குள்ளேயே முடிவாகிவிடும் எண்கள் அவை. குட்டியிலும் கிழட்டுப் பாம்பிலும், உயிருள்ளதிலும் பல ஆண்டுகள் ஆல்கஹாலில் கிடந்ததிலும் அதே எண்தான் கிடைக்கும். நிறம் மங்கும், பருமன் மாறும், செதில் மாறாது. அதனால்தான் பாம்பியலாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் செதில் எண்ணியே இனம் பிரித்திருக்கிறார்கள். மூடிச் செதில் ஒற்றையா இரட்டையா என்பது அடையாள அட்டவணைகளில் முதல் சில கேள்விகளுக்குள் வந்துவிடும். முட்டை மட்டுமே தின்னும் ஆப்பிரிக்கப் பாம்பு ஒன்று இருக்கிறது. அதற்கும் செதிலில் முகடு உண்டு, மூடிச் செதில் ஒற்றை, நஞ்சு கிடையாது. ஆகவே மேசையைச் சுற்றி நின்றவர்களின் தயக்கத்துக்கு அடிப்படை இருந்தது. அட்டவணையைச் சரியாகப் படித்ததால் வந்த தயக்கம் அது.

ஆனால் அட்டவணை சொல்வது ஓர் இனத்தின் வழக்கத்தை. தனி விலங்குகள் அதிலிருந்து விலகும். வரிசை எண்ணிக்கை ஒன்று கூடும், ஒன்று குறையும். பிரிய வேண்டிய செதில் பிரியாமல் போகும். ஆயிரம் மாதிரிகளைப் பார்த்த ஷ்மிட்டுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. தெரிந்த ஒன்று அந்த நேரத்தில் கையைத் தடுக்கவில்லை.

கடி

பாம்பைப் பிடித்திருந்தவர் அவருடைய சக ஆய்வாளர் ராபர்ட் இங்கர். எந்த முன்னெச்சரிக்கையையும் யோசிக்காமல் அதை அவரிடமிருந்து வாங்கியதாக ஷ்மிட்டே எழுதியிருக்கிறார். வாங்கியவுடன் இடது கட்டைவிரலில் கடித்தது. வாயை அகலத் திறந்து, பின்பற்களால் மட்டும். இரண்டு நச்சுப்பற்களில் வலப்பக்கத்துப் பல் மட்டுமே முழுதாக இறங்கியது. அதன் நீளம் சுமார் 3 மில்லிமீட்டர்.

குட்டிப் பாம்பு. ஒற்றைப் பல். அதுவும் பின்பல். நச்சுப்பல் தாடையின் பின்புறம் இருக்கும் பாம்புகளால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்ற எண்ணம் அந்தக் காலத்தில் துறைக்குள்ளேயே பரவலாக இருந்தது. பூம்ஸ்லாங்கின் கடியால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள் என்பது தென்னாப்பிரிக்காவில் தெரிந்த செய்திதான். ஆனாலும் பின்பல் என்ற சொல்லைக் கேட்டாலே ஓர் ஆறுதல் வந்துவிடும். உண்மையில் பூம்ஸ்லாங்கின் பின்பற்கள் தொண்டைக்குள் எங்கோ இல்லை. கண்ணுக்கு நேர் கீழே இருக்கின்றன. வாயும் மிக அகலமாகத் திறக்கும். விரலைப் பிடிக்க அது மெல்லவே தேவையில்லை.

அன்று மாலை ஷ்மிட் புறநகர் ரயிலில் ஹோம்வுட்டிலுள்ள வீட்டுக்குப் போனார். நான்கரைக்கும் ஐந்தரைக்கும் இடையே, அந்தப் பயணத்தில், கடுமையான குமட்டல், வாந்தி இல்லை. அடுத்த ஒரு மணி நேரம் குளிரும் நடுக்கமும், பிறகு 101.7 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல். ஐந்தரை மணியளவில் வாயில் ரத்தம் கசியத் தொடங்கியது, பெரும்பாலும் ஈறிலிருந்து. எட்டரைக்குப் பாலில் ஊறிய ரொட்டி இரண்டு துண்டு. ஒன்பது மணிக்குத் தூங்கப் போனார். நள்ளிரவு தாண்டி எழுந்தபோது சிறுநீர் பெரும்பாலும் ரத்தமாகவே போனது. விடிவதற்குள் ஒருமுறை கடும் வாந்தி. அதன் பிறகு உடம்பு தேவலை என்று தோன்றவே ஆறரை வரை தூங்கினார்.

காலையில் காய்ச்சல் இல்லை: 98.2. தானியக் கஞ்சி, முட்டை, ரொட்டி, ஆப்பிள் கூழ், காபி என்று நன்றாகவே சாப்பிட்டார். வாயிலும் மூக்கிலும் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அளவுக்கு மீறி இல்லை என்று குறிப்பில் எழுதினார். மறுநாள் வேலைக்கு வந்துவிடுவேன் என்று அருங்காட்சியகத்துக்கும் சொல்லிவிட்டார். மதிய உணவுக்குப் பிறகு, ஒன்றரை மணிவாக்கில் வாந்தி எடுத்தார், மூச்சு திணறியது, நினைவு தவறியது. பிரேதப் பரிசோதனையில் நுரையீரல், சிறுநீரகம், இதயம், மூளை, கண் என்று உள்ளே பல இடங்களில் ரத்தம் கசிந்திருந்தது.

காலை உணவு சாப்பிட்ட ஒருவர் மாலைக்குள் இல்லை என்பது நம்பக் கடினமாக இருக்கும். நஞ்சு வேலை செய்யும் விதம் தெரிந்தால் புரியும். பூம்ஸ்லாங்கின் நஞ்சு முதலில் ரத்தத்தை உறையச் செய்கிறது. உறைதலுக்கு வேண்டிய புரோத்ராம்பினை அது தூண்டிவிடுகிறது. ரத்த நாளமெங்கும் நுண்ணிய உறைவுகள் உண்டாகி, ஃபைப்ரினோஜன் என்ற இருப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகிறது. இருப்பு தீர்ந்த பிறகு எங்கே சிறு கசிவு ஏற்பட்டாலும் அடைக்க ஆளில்லை. இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். கடித்த இடத்தில் பெரிய வீக்கமோ தாங்க முடியாத வலியோ இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இடையில் 'சரியாகிவிட்டது' என்று தோன்றும் நேரமும் உண்டு. அந்த நேரத்தில் இனத்தின் பெயர் உறுதியாகத் தெரிந்திருந்தால் மட்டுமே ஒருவர் பயப்படுவார். உடம்பு தரும் செய்தி நம்பிக்கையூட்டுகிறது. அதை மறுத்துப் பேசக்கூடியது பெயர் ஒன்றுதான்.

தவறு எங்கே

செதிலைப் பார்த்ததில் தவறில்லை. சந்தேகப்பட்டதிலும் தவறில்லை. சந்தேகம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதில்தான் இருக்கிறது.

ஒரு பாம்பை முன்னால் வைத்துக்கொண்டு நாம் இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறோம். ஒன்று, பதிவேட்டில் எழுத ஒரு பெயரைத் தேடுவது. அங்கே ஓர் அடையாளம் பொருந்தாவிட்டாலும் பேனாவைக் கீழே வைப்பதே முறை. இன்னொன்று, இதைக் கையால் தொடலாமா, கடிபட்டவரை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்று முடிவெடுப்பது. அங்கே கணக்கு தலைகீழ். நஞ்சுள்ள இனம் என்று நான்கு அடையாளம் சொல்லி, இல்லை என்று ஓர் அடையாளம் சொன்னால், அந்த ஒன்றுக்கு வாக்குரிமையே கிடையாது. சிகாகோ மேசையில் முதல் வேலைக்கான நேர்மையான தயக்கம் இரண்டாம் வேலைக்குள் நுழைந்துவிட்டது. 'இது பூம்ஸ்லாங் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்பது, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, 'பூம்ஸ்லாங்காக இருக்காது' என்று ஆகிவிட்டது.

இதே நழுவல் இன்றும் தினமும் நடக்கிறது. யாரோ ஒருவர் மங்கலான படத்தைக் காட்டுவார். பார்ப்பவர், 'கட்டுவிரியன் போலத்தான் இருக்கிறது, ஆனால் பட்டை கழுத்திலிருந்தே தொடங்குகிறதே' என்பார். மூன்றாவது ஆள் அதை 'கட்டுவிரியன் இல்லையாம்' என்று எடுத்துப் போவார்.

ஷ்மிட்டின் இறப்புக்குப் பிறகு பின்பல் பாம்புகளைப் பற்றிய எண்ணம் மாறத் தொடங்கியது. ஆனால் முழுதாக மாறவில்லை. 1975இல் ஜெர்மானியப் பாம்பியலாளர் ராபர்ட் மெர்டென்ஸ், தான் வளர்த்த ஆப்பிரிக்கக் கொடிப்பாம்பின் கடியால் இறந்தார். அதுவும் பின்பல் பாம்புதான், அதன் நஞ்சும் ரத்த உறைதலைக் குலைப்பதுதான். பூம்ஸ்லாங்குக்குத் தனி விஷமுறிவு மருந்து தென்னாப்பிரிக்காவில் தயாராகிறது. கொடிப்பாம்புக்கு இன்றும் மருந்து இல்லை. இரண்டும் மரத்தில் வாழ்பவை, தோற்றத்திலும் ஒன்றையொன்று நினைவூட்டுபவை. கொடிப்பாம்பின் கண்மணி மட்டும் சாவித் துளையைப் படுக்க வைத்தது போல் கிடைமட்டமாக இருக்கும். மருந்து வேலை செய்யுமா செய்யாதா என்பது அந்தக் கண்மணியின் வடிவத்தில் தெரிந்துவிடும்.

விதிகள் ஊர் மாறினால் பொய்யாகும்

உலகம் முழுவதும் 4,000க்கும் மேற்பட்ட பாம்பினங்கள் அறியப்பட்டுள்ளன. இவற்றுக்கெல்லாம் பொருந்தும் எளிய விதி ஒன்றுகூட இல்லை. நான் இதை அழுத்திச் சொல்லக் காரணம், எளிய விதிகள்தான் மிக வேகமாகப் பரவுகின்றன.

தலை முக்கோணமாக இருந்தால் விஷம் என்பார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், மாம்பா, பவளப் பாம்பு எதற்கும் அப்படித் தலை இல்லை. நஞ்சில்லாத பல பாம்புகளோ மிரண்டால் தலையைத் தட்டையாக்கி முக்கோணமாகக் காட்டும். கண்மணி செங்குத்தாக இருந்தால் விஷம் என்பார்கள். மலைப்பாம்புக்குச் செங்குத்து, பூம்ஸ்லாங்குக்கு வட்டம்.

வாலடிச் செதில் விதி இவற்றைவிடக் கொஞ்சம் தேர்ந்தது. அதனால் கூடுதல் ஆபத்து. வட அமெரிக்காவில் குழிவிரியன்களுக்கு வாலின் அடிச் செதில்கள் பெரும்பாலும் ஒற்றை வரிசை, நஞ்சில்லாதவற்றுக்கு இரட்டை என்று கற்றுக்கொடுப்பார்கள். அங்கேயே பவளப் பாம்புக்கு இரட்டை. நஞ்சில்லாத நீள்மூக்குப் பாம்புக்குப் பெரும்பாலும் ஒற்றை. அந்த விதியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் சுருட்டை விரியனும் கட்டுவிரியனும் அதற்குக் கட்டுப்படும், கண்ணாடி விரியன் கட்டுப்படாது. அதன் வாலடியில் செதில்கள் இரட்டை வரிசை. சிவப்பும் மஞ்சளும் ஒட்டியிருந்தால் ஆபத்து என்ற பவளப் பாம்புப் பாட்டும் அமெரிக்க ஐக்கிய நாட்டு எல்லைக்குள்தான் ஓரளவு உதவும். தெற்கே போகப் போக, சிவப்போடு கறுப்பு ஒட்டிய பவளப் பாம்புகள் நிறைய.

ஆகவே முதல் கேள்வி எப்போதும் 'எங்கே?' என்பதே. இடம் தெரிந்தால் 4,000 என்பது சில பத்துகளாகச் சுருங்கிவிடும், பிறகு செதில் எண்ணிக்கை மிச்ச வேலையை முடிக்கும். காட்சிசாலையிலோ கப்பல் சரக்கிலோ வளர்ப்பவரின் கண்ணாடிப் பெட்டியிலோ கிடைத்த பாம்புக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே உலகம் முழுவதும் மேசைக்கு வந்துவிடுகிறது.

இடம் தெரிந்தும் தவறிய நிகழ்வு

2001 செப்டம்பர் 11ஆம் தேதி காலை, வடக்கு மியான்மரில் ராட் பா என்ற சிற்றூரில், கலிபோர்னியா அறிவியல் அகாதெமியின் ஜோ ஸ்லோவின்ஸ்கி ஒரு துணிப்பைக்குள் கையை விட்டார். உள்ளே இருந்தது வெள்ளிக்கோல் வரையனுக்கு உறவான, நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பு என்பது எண்ணம். வந்தது பல பட்டைக் கட்டுவிரியனின் குட்டி.

கட்டுவிரியனும் நல்ல பாம்பும் அடங்கிய குடும்பம்தான் அவருடைய துறை. அதற்கு முந்தைய ஆண்டுதான் மியான்மரின் வறண்ட நடுப்பகுதியிலிருந்து நஞ்சைத் துப்பும் நாகம் ஒன்றைப் புதிய இனமாக விவரித்தவர்களில் ஒருவர். அவர் அறிவில் குறையில்லை. பையைத் திறக்கும் முன்பே பெயர் வந்து சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

கறுப்பு வெள்ளைப் பட்டை இரண்டுக்கும் உண்டு. ஓநாய்ப் பாம்புகள் கட்டுவிரியனைப் போலத் தோன்றுவதே அவற்றுக்குப் பாதுகாப்பு என்று கருதப்படுகிறது. ஆனால் அருகில் பார்க்கக் கிடைத்தால் குழப்பம் நீங்கிவிடும். கட்டுவிரியனின் முதுகு நடுவில், தலையிலிருந்து வால் வரை, ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். ஓநாய்ப் பாம்பில் எல்லாம் ஒரே அளவு. பல பட்டைக் கட்டுவிரியனுக்கு நடுவுடலில் 15 வரிசை. ஓநாய்ப் பாம்புக்கு 17. கட்டுவிரியனுக்கு மூக்குச் செதிலுக்கும் கண்ணுக்கு முன்னுள்ள செதிலுக்கும் நடுவே வேறு செதில் கிடையாது. ஓநாய்ப் பாம்பில் அங்கே ஒரு சிறு செதில் உட்கார்ந்திருக்கும். வாலடியில் பல பட்டைக் கட்டுவிரியனுக்கு ஒற்றை வரிசை, ஓநாய்ப் பாம்புக்கு இரட்டை. நான்கு அடையாளங்கள். துணிப்பைக்கு வெளியே நின்றுகொண்டு இவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது.

கடித்த இடத்தில் பெரிதாக வலியில்லை, வீக்கமில்லை. கட்டுவிரியன் கடி அப்படித்தான். நஞ்சு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாக்குகிறது. முதலில் இமை தொங்கும், பிறகு பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். மூச்சைச் செயற்கையாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. உடனிருந்தவர்கள் மாறி மாறி வாயோடு வாய் வைத்து ஒரு நாளுக்கு மேல் மூச்சு கொடுத்தார்கள். மழை மேகத்தால் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. மறுநாள் அவர் இறந்தார், 38 வயதில். 2005இல் வியட்நாமிலிருந்து விவரிக்கப்பட்ட ஒரு கட்டுவிரியன் இனத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சிகாகோவில் பாம்பு கண்ணெதிரே இருந்தது, பெயர் சந்தேகத்தில் இருந்தது. ராட் பாவில் பெயர் உறுதியாக இருந்தது, பாம்பு கண்ணில் படவில்லை. இரண்டு இடத்திலும் கை முந்திக்கொண்டது.

இன்று அதே மேசையில்

சிகாகோவுக்கு வந்த அதே பாம்பு இன்று வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை இனி வேறு மாதிரிச் சொல்லலாம். ஒளி ஊடுருவும் குழாய்க்குள் தலையை விட்டு, உடலின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு எண்ணலாம். தலை திரும்பி வர வழியில்லை. அடிப்பக்கம் பார்க்கக் கண்ணாடிப் பெட்டியின் தரை போதும், மூடிச் செதிலைக் கீழிருந்தே படமெடுக்கலாம். ஐயம் தீராவிட்டால் ஒரு செதில் நுனியோ உரிந்த தோலோ மரபணுச் சோதனைக்குப் போதுமானது. பெயர் எழுதும் இடத்தில் 'பூம்ஸ்லாங்காக இருக்கலாம், மூடிச் செதில் ஒற்றை' என்று எழுதிவிட்டு, பூம்ஸ்லாங்குக்கு உரிய எல்லா எச்சரிக்கையோடும் பெட்டியில் வைக்க வேண்டும்.

கடி ஏற்பட்டிருந்தால் அடையாளம் காணும் வேலை சிகிச்சைக்காகக் காத்திருக்கலாம், சிகிச்சை அடையாளத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. ரத்தம் உறைகிறதா என்பதை ஒரு கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்கும் சோதனை சொல்லிவிடும். இனத்தின் பெயர் அதற்குத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் கடித்த இடத்தைத் துடைத்தெடுத்த பஞ்சிலிருந்தே நஞ்சின் வகையைக் கண்டுபிடிக்கும் சோதனைப் பெட்டியை உருவாக்கினார்கள். பாம்பைத் தேடி ஓடாமலே எந்த மருந்து என்று முடிவெடுக்க அது உதவியது. ஷ்மிட்டின் ரத்தத்தை அன்று மாலை யாராவது இப்படிச் சோதித்திருந்தால், மூடிச் செதிலைப் பற்றிய வாதத்துக்கே வேலை இருந்திருக்காது.

படம் அனுப்பி இனம் கேட்பவர்களுக்கும் இதிலிருந்து சில சொல்ல வேண்டும். எங்கே, எந்த மாதம், எந்த நேரம் என்பதைப் படத்தோடு எழுதுங்கள். தள்ளி நின்று பெரிதாக்கி எடுங்கள்: தலையின் பக்கவாட்டு, முதுகின் நடுப்பகுதி, வால். நிறம் எப்படி என்று விவரித்து எழுதுவதைவிட முதுகுச் செதில் தெரியும் ஒரு தெளிவான படம் அதிகம் பேசும். பாம்பை அடித்துக் கொண்டுவர முயலாதீர்கள். அப்படிப் போய்க் கடிபட்டவர்கள் உண்டு, வெட்டிய தலையும் சிறிது நேரம் கடிக்கும். பதில் சொல்பவர் 'உறுதியாகத் தெரியவில்லை' என்றால் அதை 'விஷமில்லை' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். செதில் எண்ணிப் பழக வேண்டும் என்ற ஆசை இருந்தால் உரிந்த சட்டை ஒன்றைத் தேடி எடுங்கள். தண்ணீரில் நனைத்து விரித்தால் முதுகு வரிசை, வாலடி வரிசை, மூடிச் செதில் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். கவனமாக விரித்தால் கண்ணுக்கு முன்னால் அந்தச் சிறு செதில் இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியும்.